இரண்டு அங்குலச் சிப்பாய்

போர்வீரர் பொம்மைகளைச் சேகரிப்பவன் என்று என்னைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்த வயதில் பொம்மை எதற்கு என்பது ஒன்று. அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். கொலைத் தொழிலுக்கு அழகாக வண்ணம் தீட்டி அலமாரியில் வைப்பது முறையா என்பது மற்றொன்று. இதற்குச் சிரிப்பு விடையாகாது. இப்பொழுதுபோக்கு வேரூன்றிய ஐரோப்பிய நாடுகளில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. அதைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அலமாரியில் எந்தப் போர்வீரன் நிற்கிறான், யாருக்கு அங்கே இடம் தரப்படவில்லை என்று கேட்டால் விடை இன்னும் சுவையாகவும், சற்றுச் சங்கடமாகவும் இருக்கும்.

படைவீரனைச் சிற்றுருவமாகச் செய்யும் வழக்கம் மிகப் பழையது. எகிப்தின் அஸ்யூத் நகரில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெசெட்டி என்ற ஆளுநரின் கல்லறையில் 40 ஈட்டி வீரர்களும் 40 நூபிய வில்லாளர்களும் மர உருவங்களாக அணிவகுத்து நின்றார்கள். ஒவ்வோர் அணியிலும் வரிசைக்கு நால்வர், பத்து வரிசைகள். ஒருவன் உயரம் மற்றவனுக்கு இல்லை; செதுக்கியவன் உயிருள்ள மனிதர்களைப் பார்த்துத்தான் செதுக்கியிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால், அவை விளையாடுவதற்கானவை அல்ல. மறுமையில் தலைவனைக் காப்பதற்கானவை.

விளையாட்டுப் பொருளாகப் படைவீரன் பெருகியது 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில். நியூரம்பெர்க் நகரின் ஹில்பெர்ட் குடும்பத்தார் 1770களில் வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்தார்கள். ஸ்லேட் கல்லில் உருவத்தை எதிர்மறையாகச் செதுக்கி, இரு கற்களையும் சேர்த்துப் பிடித்து, உருக்கிய உலோகத்தை ஊற்றினால் காசு போன்ற கனத்தில் ஒரு வீரன் கிடைப்பான். பின்னர் ஹைன்ரிக்சன் நிறுவனம் 30 மில்லிமீட்டர் உயரத்தைத் தன் அளவாகக் கொண்டது. மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். இதனால் விளைந்த நன்மை பெரிது. யாரிடம் வாங்கினாலும் வீரர்கள் ஒரே படையாகச் சேர்ந்து நின்றார்கள். இத்தட்டை உருவங்களின் பெருந்தொகுப்பை இன்றும் ஜெர்மனியின் குல்ம்பாக் நகரிலுள்ள பிளாசன்பர்க் கோட்டை அருங்காட்சியகத்தில் காணலாம். பிரான்சில் முழு உருண்டையாக வார்க்கப்பட்ட வீரர்கள் எடை மிகுந்தவர்கள், விலையும் மிகுந்தவர்கள். செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கே எட்டினார்கள்.

இந்நிலையை மாற்றியது லண்டனின் ஒரு குடும்பப் பட்டறை. 1893இல் வில்லியம் பிரிட்டன் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கையாண்டார். ஈயக் கலவையை உருக்கி உலோக அச்சில் ஊற்றியவுடன் அச்சின் சுவரைத் தொடும் பகுதி முதலில் உறையும். நடுப்பகுதி இன்னும் குழம்பாக இருக்கும்போதே அச்சைக் கவிழ்த்தால் அது வெளியே ஓடிவிடும். மிஞ்சுவது மெல்லிய ஈயத் தோல் மட்டுமே. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் கணக்கு கைக்குள் இருக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் காலே உருவாகாது, பிந்தினால் முழுக்கட்டியாகிவிடும். ஈயச் செலவு குறைந்தது, எடை குறைந்தது, விலை வீழ்ந்தது. நடுத்தரக் குடும்பத்துச் சிறுவனின் கைக்கும் 54 மில்லிமீட்டர் உயரமுள்ள, அதாவது இரண்டு அங்குலத்தை ஒட்டிய, வீரன் வந்து சேர்ந்தான். அந்த அளவே இன்றுவரை சேகரிப்பாளர்களின் பொது அளவுகளுள் ஒன்றாக நீடிக்கிறது.

உள்ளே வெற்றிடம் இருப்பதால் ஒரு வசதியும் உண்டு. பிரிட்டன் வீரனின் தலை எளிதில் உடையும். உடைந்தால் பழங்காலச் சிறுவர்கள் ஒரு தீக்குச்சியை கழுத்துத் துளையில் செருகி, மறுமுனையில் தலையை மாட்டிவிடுவார்கள். 1985இல் எரிந்துபோவதற்குச் சில ஆண்டுகள் முன்பு சென்னை மூர் மார்க்கெட்டின் பழம்பொருள் கடை ஒன்றில் நான் வாங்கிய முதல் குதிரைவீரனும் அப்படித் தீக்குச்சிக் கழுத்துடன்தான் இருந்தான். எந்த வெள்ளைக்கார அதிகாரியின் பிள்ளை விட்டுச்சென்றதோ தெரியாது. அந்தத் தீக்குச்சியை நான் அகற்றவில்லை. அதுவும் அவனுடைய வரலாற்றின் ஒரு பகுதி.

இப்பொம்மைகளால் வாழ்க்கையே திசை மாறியதாகச் சொன்னவர்களுள் புகழ்பெற்றவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1930இல் வெளியான தன்வரலாற்று நூலில் அவர் இதைக் கூறுகிறார். பிரிட்டன் பட்டறை வார்ப்பைத் தொடங்குவதற்கு முந்தைய காலம் அது. சிறுவன் சர்ச்சிலிடம் ஒரே அளவில், அனைவரும் ஆங்கிலேயராக, ஏறத்தாழ 1,500 வீரர்கள் இருந்தார்கள். ஒருநாள் தந்தை ராண்டல்ஃப் அந்த அணிவகுப்பை இருபது நிமிடங்கள் பார்வையிட்டு, படையில் சேர விருப்பமா என்று கேட்டார். மகன் உடனே ஆம் என்றான். தன்னிடம் படைத்தலைமைக்குரிய அறிவைத் தந்தை கண்டுகொண்டார் என்று பல ஆண்டுகள் மகிழ்ந்திருந்தான். வழக்கறிஞராகும் அறிவு இவனுக்குப் போதாது என்று அவர் முடிவு செய்ததே காரணம் என்பது பின்னர்தான் தெரியவந்தது.

இந்த நகைச்சுவைக்காகவே பலரும் அப்பகுதியை மேற்கோள் காட்டுகிறார்கள். நான் நின்றுபோவது வேறோர் இடத்தில். தம்பி ஜாக்கிடம் எதிரிப்படை இருந்தது. அவன் வெள்ளையரல்லாத வீரர்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். பீரங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இது அண்ணன் வகுத்த ஒப்பந்தம். குழந்தைகள் அறையின் தரையில் வகுக்கப்பட்ட அந்த விதியைப் படிக்கும்போது, ஒரு பேரரசின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியுமா என்று வியந்திருக்கிறேன். ஒப்பந்தத்தை வகுத்தவர் 1896இல் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்திறங்கினார்.

அதே 1890களில்தான் பிரிட்டன் நிறுவனம் இந்தியப் படைகளையும் வார்க்கத் தொடங்கியது. வங்காளக் குதிரைப்படை, பம்பாயின் பிரிவுகள் ஆகியவற்றோடு மெட்ராஸ் ஈட்டிக் குதிரைப்படையும் மெட்ராஸ் காலாட்படையும் சிவப்புப் பெட்டிகளில் விற்பனைக்கு வந்தன. தலைப்பாகை அணிந்து, பழுப்பு முகத்துடன் நடைபோடும் அந்தச் சிப்பாய்கள் நம் ஊர்க்காரர்கள். வாலாஜாவிலோ திருச்சியிலோ பிறந்து, கர்நாடகப் போர்கள் தொட்டுப் பர்மா வரை கும்பினிக்காகவும் பின்னர் அரசிக்காகவும் சண்டையிட்டவர்களின் வாரிசுகள். லண்டன் சிறுவனின் படுக்கையறையில் அவர்கள் அரண்மனைக் காவலர்களுக்கு அருகில் நின்றார்கள்.

இதில் ஒரு வேதனையான முரண் இருக்கிறது. பொம்மைப் பெட்டியில் மெட்ராஸ் சிப்பாய் இடம்பெற்ற அதே ஆண்டுகளில் உண்மையான மெட்ராஸ் சிப்பாய் படையிலிருந்து வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தான். 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ், அதற்குமுன் மெட்ராஸ் படைக்கே தலைமை தாங்கியவர். தென்னிந்தியர் போர்க்குணம் இழந்துவிட்டார்கள் என்பது அவருடைய உறுதியான கருத்து. வீர இனங்கள் என்றும் வீரமற்ற இனங்கள் என்றும் மக்களைப் பிரிக்கும் கோட்பாடு அவரால் கொள்கையாயிற்று. 1895இல் மாகாணப் படைகள் கலைக்கப்பட்டு ஒரே இந்தியப் படையாக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகள் பலவற்றில் பஞ்சாபியர் நிரப்பப்பட்டனர், பெயரும் மாற்றப்பட்டது. சுரங்க, பொறியியல் பிரிவு மட்டும் தப்பியது. 1920களின் இறுதிக்குள் மெட்ராஸ் காலாட்படை என்று ஒன்று இல்லாமலே போய், இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில்தான் மீண்டும் எழுப்பப்பட்டது. ஆக, அரசின் கணக்கேட்டில் அழிக்கப்பட்ட சிப்பாய், பொம்மைக் கடையில் தொடர்ந்து நடைபோட்டான். அந்தப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது எனக்குப் பெருமையும் வருவதில்லை, வெறுப்பும் வருவதில்லை. இவன் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்ற எண்ணம்தான் வருகிறது.

சிற்றுருவங்களில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது விளையாட்டுச் செய்தியன்று என்பதற்கு மிகப் பெரிய சான்று லண்டனில், தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வில்லியம் சைபோர்ன் என்ற படை அதிகாரி 1830இல் வாட்டர்லூ போர்க்களத்தை மாதிரியாக அமைக்கப் பணிக்கப்பட்டார். களத்தின் நடுவிலிருந்த பண்ணை வீட்டிலேயே எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பங்கேற்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். அன்று மாலை ஏறத்தாழ ஏழு மணிக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள், உங்கள் எதிரே யார் இருந்தார்கள், வயலில் என்ன பயிர் நின்றது என்றெல்லாம் கேட்டார். வந்துசேர்ந்த பதில்கள் இன்றும் அப்போரைப் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் அடங்கும். பொம்மை செய்யப் புறப்பட்டவர் தம் காலத்தின் மிகச் சிறந்த வாய்மொழிச் சான்றுத் தொகுப்பை உருவாக்கிவிட்டார்.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. 1833இல் அரசு பண உதவியை நிறுத்தியது. கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். 70,000க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு உருவங்களுடன் 1838இல் மாதிரி லண்டனில் காட்சிக்கு வந்தது. மக்கள் திரண்டு பார்த்தார்கள். ஆனால், அந்த ஏழு மணிக் காட்சியில் பிரஷியப் படையினர் மிகப் பெரும் எண்ணிக்கையில் களத்துக்குள் நுழைந்திருந்தார்கள். கிடைத்த சான்றுகள் அப்படித்தான் கூறின. வெற்றி வெலிங்டனுடையதா, பிரஷியருடன் பங்கிட வேண்டியதா? கோமகனின் வட்டாரத்துக்கு இக்காட்சி உவக்கவில்லை. அழுத்தம் தொடர்ந்தது. இறுதியில் சைபோர்ன் பல்லாயிரக்கணக்கான பிரஷிய உருவங்களைத் தம் கையாலேயே அகற்றினார். கடனிலிருந்து மீளாமலே 1849இல் இறந்தார். அந்த மாதிரியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், அதில் இருக்கும் வீரர்களைவிட இல்லாதவர்களே என் மனக்கண்ணில் நிற்கிறார்கள்.

இனி, தொடக்கத்தில் தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். இப்பொம்மைகள் போர்வெறியை வளர்க்கின்றனவா? ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறுநூலை வெளியிட்டார். தரையில் பொம்மை வீரர்களை நிறுத்தி விளையாடும் போருக்கு முறையான விதிகள் அதில் உள்ளன. காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம்; குதிரை இரண்டு அடி. பீரங்கி, ஓர் அங்குல மரக்கட்டையை வீசும் வில்விசைப் பொம்மை. இன்றைய மேசைப் போர் விளையாட்டுகள் பலவற்றுக்கும் அதுவே மூதாதை. நூலின் முடிவில் வெல்ஸ் அமைதியின் பக்கம் நின்று வாதிடுகிறார். இவ்விளையாட்டைச் சில முறை ஆடியவனுக்கு உண்மைப் போர் எத்தனை தடுமாற்றமும் வீண்செலவும் நிறைந்தது என்பது விளங்கிவிடும். ஆகவே போர்வெறியர்களை எல்லாம் ஓர் அறையில் அடைத்துப் பொம்மைகளைக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கருத்து. கேட்க இனிமையாக இருக்கிறது. அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. அது போர்களுக்கெல்லாம் முடிவுகட்டும் போர் என்று எழுதி அதை ஆதரித்தவரும் இதே வெல்ஸ்தான்.

மறுபக்கம் சாகி என்ற புனைபெயரில் எழுதிய ஹெக்டர் மன்றோ. போர்ப் பொம்மைகளுக்கு மாற்றாக அமைதிப் பொம்மைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற அக்கால இயக்கத்தை அவர் ஒரு சிறுகதையில் கேலி செய்தார். மாமா வாங்கிவந்த நகராட்சிக் குப்பைத்தொட்டியையும் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் உருவத்தையும் பிள்ளைகள் சிறிது நேரத்தில் கோட்டையாகவும் தளபதியாகவும் மாற்றிவிடுகிறார்கள். அக்கதையைத் தலைப்பாகக் கொண்ட தொகுப்பு 1919இல் வந்தபோது ஆசிரியர் உயிரோடு இல்லை. வயது நாற்பதைக் கடந்திருந்தும் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து 1916 நவம்பரில் பிரான்சில் கொல்லப்பட்டார். பொம்மைகள் போரைத் தடுக்கும் என்றவரும் தடுக்கவில்லை. பொம்மையை மாற்றிப் பயனில்லை என்றவரும் பிழைக்கவில்லை. போர்கள் அமைச்சரவைகளில் முடிவாகின்றன. குழந்தைகள் அறையில் அல்ல. பொம்மை நிறுவனங்களோ சந்தையின் மனநிலையைக் கூர்ந்து பார்த்தன. பெரும்போர் முடிந்து மக்கள் போர் என்ற சொல்லையே வெறுத்த 1920களின் தொடக்கத்தில் பிரிட்டன் நிறுவனம் பசு, ஏர், உழவன், வைக்கோல் என ஒரு பண்ணைத் தொகுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; அது நன்றாக விற்றது.

ஆயினும் எல்லாப் பொம்மைகளும் ஒன்றே என்று வாதிட மாட்டேன். ஜெர்மனியின் எலாஸ்டோலின், லினியோல் நிறுவனங்கள் மரத்தூளையும் பசையையும் கலந்து கம்பிச் சட்டத்தின்மேல் அழுத்தி வீரர்களைச் செய்தன. 1930களில் அவற்றின் பட்டியலில் ஹிட்லரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்தார்கள். வணக்கம் செலுத்துவதற்காக வலக்கையை உயர்த்தித் தாழ்த்தும்படி அமைந்த ஹிட்லர் உருவம் உண்டு. குழந்தையின் விரலால் அந்தக் கையை உயர்த்தவைப்பது வேறு எதற்காக? இன்று அவ்வுருவங்கள் ஏலங்களில் நல்ல விலைக்குப் போகின்றன. அவை அருங்காட்சியகத்தில், விளக்கக் குறிப்புடன் இருக்க வேண்டியவை. வீட்டு அலமாரியில் அவற்றை அழகுப் பொருளாக வைக்கும் சேகரிப்பாளரோடு எனக்கு உடன்பாடில்லை. இருவரும் ஒரே பொழுதுபோக்கைச் செய்கிறோம் என்றும் நான் நினைக்கவில்லை.

பழைய வீட்டுப் பரணில் இத்தகைய ஈய வீரர்கள் கிடைத்தால் என்ன செய்வது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முதலில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உலோகமும் ஈயம், பெரும்பாலும் மேற்பூச்சும் ஈயம். 1966இல் பிரிட்டன் நிறுவனம் ஈய வார்ப்பைக் கைவிட்டு முழுமையாகப் பிளாஸ்டிக்குக்கு மாறியதற்கு இந்த நச்சுத்தன்மையும் ஒரு காரணம். அடுத்து, பளபளப்பாக்கும் ஆசையில் புதுவண்ணம் பூசாதீர்கள். தேய்ந்த பழைய வண்ணத்துக்கு மதிப்புண்டு. புதிய பூச்சு அதை அழித்துவிடும். கூடவே பழைய அட்டைப் பெட்டி இருந்தால் அதைக் குப்பையில் எறிய வேண்டாம். சில வேளை உள்ளிருப்பவர்களைவிடப் பெட்டி அரிதானது.

மூன்றாவது எச்சரிக்கை சென்னை போன்ற கடற்கரை நகரத்தாருக்கு மிக முக்கியம். ஈய வீரர்களை மூடிய மரப்பெட்டியில் வைத்தால் சில ஆண்டுகளில் அவர்கள்மீது வெண்சாம்பல் பூத்ததுபோல் ஒரு தூள் படரும். சேகரிப்பாளர்கள் இதை ஈய நோய் என்கிறார்கள். உண்மையில் கிருமி எதுவும் இல்லை. ஓக் போன்ற மரங்களும் ஒட்டுப்பலகைகளும் மட்டமான அட்டைகளும் மெல்ல மெல்ல வினிகரில் உள்ள அமிலத்தின் ஆவியை வெளிவிடுகின்றன. ஈரக்காற்றும் கரியமில வாயுவும் சேர்ந்தால் ஈயம் கார்பனேட்டாக மாறி உதிர்கிறது. பழங்காலத்தில் வெள்ளை வண்ணத்துக்காக ஈயத் தகடுகளை வினிகர் ஆவியில் வைத்து வேண்டுமென்றே செய்த வினை இதுதான். நம் அலமாரியில் தானாக நடக்கிறது. உதிரும் தூள் நஞ்சு. வாயால் ஊதக் கூடாது. கண்ணாடி, வண்ணம் சுட்டேற்றிய இரும்பு அலமாரி, சற்றுக் காற்றோட்டம், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஆகியவை போதும். பாட்டன் காலத்துத் தேக்குப் பெட்டியைவிட அலுவலக இரும்பு அலமாரி இவர்களுக்கு நல்ல இருப்பிடம் என்பது பலருக்கும் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

பழையதைக் காப்பது ஒரு பாதி என்றால், வண்ணம் பூசாத உருவத்தை வாங்கியோ சொந்தமாக வடித்தோ தீட்டுவது மறுபாதி. இன்று உலகெங்கும் வளர்ந்துவருவது இதுவே. இத்துறையில் சீருடைத் துல்லியத்தில் பித்துக்கொண்டவர்களைப் பொத்தான் எண்ணுபவர்கள் என்று சக ஆர்வலர்களே கிண்டல் செய்வார்கள். கழுத்துப்பட்டி மஞ்சளா, வெளிர்மஞ்சளா என்று மணிக்கணக்கில் வாதிடும் கூட்டம் அது. நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவன். கிண்டலுக்கு என்னிடம் ஒரே விடைதான் உண்டு: வேலூர்.

1806ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த சிப்பாய்களின் எழுச்சிக்குப் பின்னால் திப்புவின் மைந்தர்கள் அங்கே சிறைவைக்கப்பட்டிருந்தது முதல் பல காரணங்கள் உண்டு. ஆனால், தீப்பொறி ஒரு சீருடை ஆணை. நெற்றிக் குறிகள் கூடாது, காதணி கூடாது, தாடி மழிக்கப்பட வேண்டும், தோலாலான அணி பொருத்திய புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்று மெட்ராஸ் படைத்தலைமை பணித்தது. இந்துவுக்கும் இஸ்லாமியருக்கும் ஒருசேர அது மானப் பிரச்சினையாயிற்று. மறுத்தவர்கள் கசையடி பெற்றார்கள். அந்த ஓரிரவிலும் மறுநாள் பகலிலும் இருதரப்பிலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பின்னர் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பென்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். தலைப்பாகையின் வடிவம் அற்பம் என்று நினைத்த அதிகாரிகளின் கணக்கு இது.

எனவே, வேலூர்ச் சிப்பாய் ஒருவனை 54 மில்லிமீட்டரில் வடிக்க உட்கார்ந்தால் முதலில் முடிவு செய்ய வேண்டியது அவன் தலையில் எந்தத் தலைப்பாகை என்பதைத்தான். பழையதை வைத்தால் அவன் இன்னும் கீழ்ப்படியாதவன். புதியதை வைத்தால் அடிபணிந்தவன், அல்லது காத்திருப்பவன். நான் இரண்டு உருவங்களைத் தொடங்கியிருக்கிறேன். தலைப்பாகைக்குக் குழாய்க் கசிவை அடைக்கும் எம்-சீல் பிசினை மெல்லிய திரியாக உருட்டிச் சுற்றினால் துணியின் மடிப்பு நன்றாக வருகிறது. ஊசிமுனையால் கோடிழுக்க அரை மணி நேரம்தான் அவகாசம், பிறகு இறுகிவிடும். பழைய தலைப்பாகைக்காரனுக்கு நெற்றியில் திருநீறு இட்டாயிற்று. மிக நுண்ணிய தூரிகையால் இழுத்த மூன்று கோடுகளும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டன. மற்றவனுக்கு நெற்றியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.